பாப்பரசருக்கு அப்பம்மா கொடுத்த புத்தகம்

போன கிழமை தெரிந்த ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தகப்பன் வேலைச் சட்டையையும் கழற்றாமல், மகனுக்கு முன்னால் தமிழ்ப் புத்தகத்தை விரித்து வைத்து "வாசி" என்று நின்றார். பிள்ளை இரண்டு வரி வாசித்தான். மூன்றாவது வரியில் அழுதுவிட்டான். தகப்பன் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணை, இஞ்ச பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுத்து வாசிக்கச் சொல்லுறது?"

சாதாரண தரத்தோடு படிப்பை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனவன் நான். எனக்கு உடனே பதில் வரவில்லை. ஆனால் வீடு திரும்பும் வழியில், முன்பு வாசித்த ஒருவருடைய கதை நினைவுக்கு வந்தது. அவர் 2025 ஏப்ரல் 21ஆம் திகதி காலமான பாப்பரசர் பிரான்சிஸ். 2015 ஜனவரியில் மடு மாதா கோவிலுக்கு வந்தவர் என்பதால் எங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தனக்குப் பிடித்த புத்தகங்கள் எவை, சங்கீதம் எது என்று அவர் பலமுறை மனந்திறந்து சொல்லியிருக்கிறார். அவற்றை அவருக்கு முதலில் அறிமுகப்படுத்தியவர்கள் யார் என்று பார்த்தால், நாடு விட்டு நாடு வந்த ஒரு குடும்பத்தின் கதை தெரிகிறது. சைவக்காரரும் வேதக்காரரும் ஒருமித்துக் கேட்க வேண்டிய கதை அது.

கப்பலேறி வந்தவர்கள்

அவருடைய தகப்பனின் குடும்பம் இத்தாலியின் வடக்கே உள்ள பியமொந்தே என்னும் பகுதியைச் சேர்ந்தது. அவர்கள் எங்களைப்போல யுத்தத்துக்கு ஓடி வந்தவர்கள் அல்லர். பிழைப்புத் தேடி ஆர்ஜென்ரீனாவுக்குப் புறப்பட்டவர்கள். 1927இல் 'பிரின்சிபெஸ்ஸா மஃபால்டா' என்ற கப்பலில் வர இருந்தார்கள். ஊரிலிருந்த சொத்துகள் விற்றுமுடியாததால் பயணம் தள்ளிப்போனது. அந்தக் கப்பல் பிரேசில் கரைக்கு அப்பால் மூழ்கி முந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இவர்கள் 1929இன் தொடக்கத்தில்தான் புவனஸ் அயர்ஸில் வந்து இறங்கினார்கள். அங்கே அது கொதிக்கும் கோடைகாலம். ஆனாலும் அப்பம்மா றோசா தடித்த மேலங்கியைக் கழற்றவில்லை. சொத்து விற்ற காசு அந்த அங்கியின் உட்துணிக்குள் தைத்திருந்தது.

1936 டிசம்பரில் பேரன் பிறந்தான். அடுத்த தம்பி பிறந்தபோது தாயாருக்கு இரண்டு பிள்ளைகளையும் பார்ப்பது கடினமாக இருந்தது. அதனால் காலையில் அப்பம்மா வந்து மூத்தவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய், பின்னேரம் கொண்டு வந்து விடுவார். அந்த வீட்டில் அப்பப்பாவும் அப்பம்மாவும் தங்களுக்குள் பேசியது பியமொந்தே மொழி. தகப்பனோ அந்த மொழியைப் பிள்ளையோடு பேசவே மாட்டார். விட்டு வந்த ஊரின் ஏக்கத்தைத் தனக்குள் அடக்கி வைத்திருந்தார் போலும் என்று மகன் பிற்காலத்தில் சொன்னார். எங்கள் வீடுகளிலும் இப்படியான தகப்பன்மார் இருக்கிறார்கள். பிள்ளைக்கு அந்த மொழி கிடைத்தது கிழவியிடமிருந்துதான்.

பாடமாக்கிய பக்கம்

அந்த அப்பம்மாவே பேரனுக்கு ஒரு நாவலின் தொடக்கத்தைப் பாடமாக்கிக் கொடுத்தார். அலெசாண்ட்ரோ மன்சோனி எழுதிய 'நிச்சயிக்கப்பட்டவர்கள்' என்னும் இத்தாலிய நாவல் அது. முதலில் 1827இல் வெளிவந்தது. ஏரிக்கரைக் கிராமமொன்றில் பட்டு நூற்கும் தொழிலாளி றென்சோ. அவனுக்கும் லூசியா என்ற பெண்ணுக்கும் கலியாணம் பேசியாயிற்று. ஊர்ப் பெரியவன் ஒருவன் அந்தப் பெண்ணில் கண் வைக்கிறான். அவனுடைய ஆட்கள் மிரட்ட, கலியாணத்தை நடத்தி வைக்க வேண்டிய குருவானவரே பயந்து பின்வாங்குகிறார். இரண்டு பேரும் இரவோடு இரவாகத் தோணியில் ஏரியைக் கடந்து ஊரை விட்டு ஓடுகிறார்கள். பிறகு பஞ்சம், பாணுக்காகக் கலவரம், 1630இல் வந்த கொள்ளைநோய். இவ்வளவுக்கும் பிறகுதான் ஒன்று சேர்கிறார்கள். இரவில் தோணியேறிய எங்கள் ஆட்களுக்கு இந்தக் கதையை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

2013இல் ஒரு நேர்காணலில், இந்த நாவலை மூன்று தரம் வாசித்துவிட்டதாகவும், மறுபடியும் வாசிக்க மேசையில் எடுத்து வைத்திருப்பதாகவும் அவர் சொன்னார். அப்போது அவருக்கு 76 வயது. 2015 மே மாதம் கலியாணத்துக்கு ஆயத்தமாகும் இளம் சோடிகளுக்கும் இதையே வாசிக்கச் சொன்னார். கிழவி சொல்லிக் கொடுத்த ஒரு பக்கம் எழுபது வருடங்கள் கழித்து உலகத்துக்கே சிபாரிசாக வந்தது.

சனிக்கிழமை இரண்டு மணி

சங்கீதம் வந்தது தாயிடமிருந்து. சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு வானொலியில் இசைநாடகம் போகும். தாயார் றெஜினா பிள்ளைகளைச் சுற்றி இருத்தி, தொடங்க முதல் கதையைச் சொல்லிவிடுவார். முக்கியமான பாட்டு வரும்போது, இப்போது கவனமாகக் கேளுங்கள் என்று மெல்லச் சொல்லுவார். 'ஒதெல்லோ' போனால், இவன் இனி மனைவியைக் கொல்லப் போகிறான், அதற்கு முன் பாடுகிற பாட்டு இது என்பார். பிள்ளைகள் வாய் மூடிக் கேட்பார்கள்.

அப்படிக் கேட்டு வளர்ந்தவர் பிற்காலத்தில் சொன்ன பட்டியலில் முதலில் நிற்பவர் மொஸார்ட். அவர் முடிக்காமல் விட்ட திருப்பலி இசையில், இறைவன் மனிதனானதைப் பாடும் பகுதி ஆளைக் கடவுளிடம் தூக்கிச் செல்லும் என்பார். மொஸார்ட்டைக் கிளாரா ஹஸ்கில் என்ற அம்மையார் பியானோவில் வாசிக்கக் கேட்பதில் அவருக்கு விருப்பம் அதிகம். மற்றது பாக் அமைத்த 'மத்தேயு பாடுகள்'. அதிலே, யேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுத்த பேதுரு, எங்கள் ஊரில் இராயப்பர் என்போமே, அவர் அழுகிற இடத்தில் வரும் பாட்டுத்தான் பாக்கின் இசையில் தனக்கு மிகப் பிடித்தது என்றார். திருச்சபையில் பேதுருவின் கதிரையில் இருந்தவர், பேதுரு தோற்றுப்போய் அழுத பாட்டைத் தெரிந்தெடுத்தார் என்பது என் மனதைத் தொட்டது.

பணக்கார வீட்டுப் பிள்ளை என்று எண்ணவேண்டாம். பதின்மூன்று வயதளவில் தகப்பன் அவரைக் காலுறைத் தொழிற்சாலையொன்றுக்கு வேலைக்கு அனுப்பினார். முதல் இரண்டு வருடமும் கூட்டித் துடைக்கிற வேலை. விளக்குமாறு பிடித்த கைக்குப் புத்தகமும் பாட்டும் தூரம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கட்டாயம் வேண்டாம்

அந்தத் தகப்பனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதிலேதான் இருக்கிறது. 1964, 65ஆம் ஆண்டுகளில் இவர் சாந்த ஃபே நகரில் ஒரு கல்லூரியில் இலக்கியம் படிப்பித்தார். பாடத்தில் இருந்தது 'எல் சித்' என்ற பழைய ஸ்பானியக் காவியம். நாடுகடத்தப்பட்ட ஒரு வீரனின் கதை. பெடியன்களுக்கு அது பிடிக்கவில்லை. லோர்காவின் கவிதைகளைப் படிப்போம் என்று கேட்டார்கள். இவர் கோபிக்கவில்லை. காவியத்தை வீட்டில் வாசியுங்கள், வகுப்பில் உங்களுக்குப் பிடித்தவர்களைப் பற்றிப் பேசுவோம் என்றார். தங்கள் காலத்து எழுத்தாளர்களில் தொடங்கிய பெடியன்கள், ருசி பிடித்தபின் தாங்களாகவே மற்ற எழுத்தாளர்களிடமும் போனார்கள். 1965இல் இவர் அழைத்து, புகழ்பெற்ற எழுத்தாளர் போர்ஹேஸ் அந்த வகுப்புக்கு வந்தார். மாணவர்கள் எழுதிய கதைகள் அவருடைய முன்னுரையோடு புத்தகமாகவும் வந்தன.

இந்த அனுபவத்தை 2024 ஜூலையில், இலக்கிய வாசிப்பைப் பற்றி எழுதிய கடிதத்தில் அவரே நினைவுகூர்ந்தார். கடமைக்காக வாசிப்பதைப்போல வீணானது வேறில்லை என்பது அதில் அவர் சொன்ன கருத்து. களைப்பும் கோபமும் ஏமாற்றமும் வந்து, செபம்கூட மனதைத் தேற்றாத வேளையில், நல்ல புத்தகம் ஒன்று ஆளைத் தாங்கும் என்றும் எழுதினார். இரவு வேலை முடித்து வந்து நித்திரை வராமல் கிடப்பவர்களுக்கு அது விளங்கும்.

நாங்கள் என்ன செய்யலாம்

மன்சோனியும் மொஸார்ட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தால் நல்லது, வராவிட்டாலும் குற்றமில்லை. அந்த வீட்டில் நடந்த முறைதான் முக்கியம். உங்களுக்குப் பாடமாகத் தெரிந்த ஒன்றைப் பிள்ளைக்கு வாயால் கொடுங்கள். தேவாரமோ, கூத்துப் பாட்டோ, பள்ளிக்கூடத்தில் படித்த நாலு வரியோ எதுவானாலும் சரி. பாட்டுக்கு முதல் கதையைச் சொல்லுங்கள். சம்பந்தர் தேவாரம் என்றால், குளக்கரையில் நின்று அழுத மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றி முதலில் சொல்லிப் பாருங்கள். கிழமையில் ஒரு மணித்தியாலத்தை அதற்கென்று ஒதுக்குங்கள். பிள்ளை விரும்பிக் கொண்டுவருவதையும் தள்ளிவிடாமல் கூட இருந்து கேளுங்கள். அப்பம்மா, அம்மம்மா ஊரில் இருந்தால் தொலைபேசியில் கதை சொல்லக் கேளுங்கள்.

நேற்று அந்தத் தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்து இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எனக்குப் பாடமாத் தெரிஞ்சது அம்மா படிச்ச ஒரு தாலாட்டுத்தான், அண்ணை. அதுவும் பாதிதான்" என்றார்.

பாதி காணும் என்றேன். வாசகர்களே, உங்களுக்குத் தெரிந்த பாதி எது? இந்தச் சஞ்சிகைக்கு எழுதி அனுப்புங்கள். மற்றப் பாதி இன்னொரு வீட்டில் இருக்கலாம்.