விரிசல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம்

பின்னாளில் பேராசிரியராகப் பெயர்பெற்ற பால் பாரிஸ், வேறு இருவருடன் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையை மூன்று முன்னணி ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் 1961இல், சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்திய பொறியியல் இதழில்தான் அது அச்சேறியது. விமானத்தில் எத்தனை பறப்புக்கு ஒருமுறை விரிசல் தேட வேண்டும் என்ற இன்றைய கணக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஒரே இழுப்பில் அறாத உலோகம், அதைவிடக் குறைந்த சுமையை ஆயிரக்கணக்கான முறை தாங்கித் தாங்கி ஒருநாள் முறிந்துவிடும். இதுதான் உலோகச் சோர்வு. 1954இல் எல்பா தீவருகே ஒன்றும் நேப்பிள்ஸ் அருகே ஒன்றுமாக இரண்டு காமெட் விமானங்கள் நடுவானில் சிதறின. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இன்னொரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அதன் உடலுக்குள் அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். முன்பே பறந்ததையும் சேர்த்து 3,057 பறப்புகளின் கணக்கில் உடல் கிழிந்தது.

அதுவரை பொறியாளர்கள் கேட்டுவந்த கேள்வி, ‘எத்தனை முறை தாங்கும்?’ என்பது. பாரிஸ் கேள்வியையே மாற்றினார்: விரிசல் ஏற்கெனவே இருக்கிறது, ஒவ்வொரு சுமைக்கும் அது எவ்வளவு நீளும்?

விரிசல் நுனியில் தகைவு எவ்வளவு குவிகிறது என்பதற்கு ஜார்ஜ் இர்வின் ஓர் அளவு தந்திருந்தார். அந்த அளவின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு ஏற்ப விரிசலின் வேகம் கூடுவதைப் பாரிஸ் கண்டார். அந்த அளவோ சுமைக்கு நேர் விகிதத்திலும், விரிசல் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவும் கூடும். ஆகவே, சுமை மாறாமல் விரிசல் இரு மடங்கு நீண்டால் வேகம் நான்கு மடங்காகும். சுமையைப் பாதியாக்கினால் வேகம் பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

நுனியில் உலோகம் நிரந்தரமாக நெளிகிறதே, மீள்தன்மைக் கணக்கு அங்கே எப்படிச் செல்லும் என்று ஆய்விதழ்களின் மதிப்பீட்டாளர்கள் மறுத்தார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நெளியும் பகுதி மிகச் சிறியது. அதைச் சுற்றியுள்ள மீள்தன்மைப் புலமே அதை ஆட்டிவைக்கிறது. 1963இல் லீஹை பல்கலைக்கழகத்தின் ஃபாசில் எர்டோகனுடன் சேர்ந்து பாரிஸ் எழுதிய கட்டுரை இதை நிலைநாட்டியது.

1969 டிசம்பரில் அமெரிக்க விமானப்படையின் எஃப்-111 போர் விமானம் ஒன்று, சுமார் நூறு மணி நேரமே பறந்திருந்த நிலையில் இறக்கை கழன்று விழுந்தது. இறக்கையின் எஃகு உறுப்பு ஒன்றை அடித்து உருவாக்கியபோதே அதில் பழுது இருந்தது. அதன் பிறகு, புத்தம் புதிய உறுப்பிலும் பழுது உண்டு என்று எடுத்துக்கொண்டே வடிவமைக்க வேண்டும் என்று 1974இல் விமானப்படை விதித்தது.

இன்று, கருவியின் கண்ணில் படும் நீளத்திலிருந்து உடையும் நீளம் வரை விரிசல் வளர எத்தனை பறப்பு ஆகும் என்று கணக்கிடுகிறார்கள். அதற்குள் குறைந்தது இரண்டு சோதனைகளாவது வரும்படி நாள் குறிக்கிறார்கள். முதல் முறை தப்பிய விரிசலைப் பிடிக்க இன்னொரு முறை இருக்கும்.