விருந்துக்கு வாங்கும் மீன்

மாலையில் விருந்தினர் வருகின்றனர் என்றால், காலையிலேயே சந்தைக்குச் சென்று மீன் வாங்கிவிடுகிறோம். புது மீனின் கண் தெளிந்து புடைத்திருக்கும், செவுள் சிவந்திருக்கும், விரலால் அழுத்திய இடம் உடனே நிமிர்ந்துவிடும். இவ்வளவையும் பார்த்து வாங்கிய மீன், நண்பகல் வரை பையிலேயே கிடந்தால் என்னாகும்?

கெம்போங், சூரை போன்ற மீன்கள் வெப்பத்தில் கிடக்கும்பொழுது, அவற்றின் சதையில் கிருமிகள் பெருகி ஹிஸ்டமின் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. அது மிகுந்த மீனை உண்டவருக்குச் சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடல் அரித்து, தலை வலிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் இந்நச்சு அழிவதில்லை; புளியும் மிளகாயும் அதனை மாற்றா. நாற்றமும் எப்பொழுதும் காட்டிக்கொடுப்பதில்லை. ஆகவே காய்கறி, தேங்காய் முதலியவற்றை வாங்கிய பின்னர் இறுதியாக மீனை வாங்கி, பனிக்கட்டியிட்டுக் கொணர வேண்டும். வீடு சேர்ந்ததும் குடலும் செவுளும் நீக்கிக் கழுவி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

ஜொகூரின் கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங் பகுதியில், நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றினால் கடல் கொந்தளிக்கும். படகுகள் பல நாட்கள் கரையிலேயே நிற்கும். அந்நாட்களில் வாடிய மீனைப் பேரம் பேசி வாங்குவதைவிட, விருந்துக்குக் கோழிக்கறியே மேல். தேங்காய்ப் பால் ஊற்றும் குழம்பையோ, விருந்தினர் வரும் நேரமறிந்து அடுப்பிலேற்றினால் சூடாகவே பரிமாறலாம்.