கீமோவுக்குக் கட்டுப்படாத சினைப்பை புற்றுநோய்... வெப்ப சிகிச்சை கைகொடுக்குமா? நகையை அடகு வைக்கும் முன் இதைப் படியுங்கள்!

அம்மாவுக்கு சினைப்பை புற்றுநோய். ஆபரேஷன், ஆறு கீமோ எல்லாம் முடிந்து, தலையில் முடியும் முளைக்க ஆரம்பித்துவிட்டது. அதற்குள் வயிறு மறுபடி வீங்குகிறது. 'இந்த மருந்துக்கு இனி நோய் கட்டுப்படாது' என்கிறார் டாக்டர். அன்று இரவே மகள் போனில் தேடத் தொடங்குகிறார். 'சூடு கொடுத்தால் கட்டி கரையும்' என்று ஒரு வீடியோ கண்ணில் படுகிறது. அம்பத்தூரோ, ஆவடியோ, பூந்தமல்லியோ... பல வீடுகளில் அடுத்த பேச்சு, எந்த நகையை அடகு வைப்பது என்பதுதான்.

கொஞ்சம் பொறுங்கள். வெப்ப சிகிச்சை என்பது உண்மையிலேயே மருத்துவத்தில் இருக்கிறது. ஆனால், அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

'கட்டுப்படாது' என்றால்?

சினைப்பை புற்றுநோய்க்கு முக்கியமான கீமோ, கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்துகள். அந்த சிகிச்சை முடிந்து 6 மாதங்களுக்குள் நோய் திரும்பினால், 'பிளாட்டினத்துக்குக் கட்டுப்படாத நோய்' என்கிறார்கள். அதற்காக எல்லா வழியும் அடைபட்டுவிட்டதாக அர்த்தமில்லை. வாராவாரம் தரும் பாக்லிடாக்செல், அதோடு பெவாசிஸுமாப் என வேறு மருந்துகள் உண்டு. முதலில் கேட்க வேண்டியது இவற்றைப் பற்றித்தான்.

கரன்ட் வைக்கலாமா?

நம் ஊரில் 'கரன்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சை, பிளாட்டினம் மருந்துகள் வருவதற்கு முன் வயிறு முழுக்கத் தரப்பட்டது. குடல், கல்லீரல், சிறுநீரகம் அதைத் தாங்குவது கஷ்டம் என்பதால் இப்போது அது அரிது. ஆனால், நோய் ஒரே இடத்தில் திரும்பியிருந்தால், அல்லது வலி, ரத்தக்கசிவு இருந்தால், அந்த இடத்துக்கு மட்டும் கதிர்வீச்சு தருகிறார்கள். கீமோவுக்கு மசியாத கட்டிகளும் சில நேரம் இதற்குச் சுருங்குகின்றன.

சூடு என்ன செய்கிறது?

'ஹைபர்தெர்மியா' எனப்படும் இந்த முறையில், கட்டி இருக்கும் பகுதியை சுமார் 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை கருவி மூலம் சூடாக்குகிறார்கள். ஒருமுறைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆக்சிஜன் குறைவான கட்டியில் கதிர்வீச்சு சரியாக வேலை செய்யாது. சூடு பட்டதும் ரத்த ஓட்டமும் ஆக்சிஜனும் கூடுகின்றன. கதிர்வீச்சால் உடைந்த டி.என்.ஏ-வை புற்றுநோய் செல் ஒட்டுப்போட்டுக்கொள்வதையும் சூடு தடுக்கிறது. ஆக, அடிப்பது கதிர்வீச்சு. சூடு அதற்குத் துணை.

வீட்டில் வைக்கும் வெந்நீர் ஒத்தடமோ, ஹீட்டிங் பேடோ இதற்கு ஈடாகாது. கதிர்வீச்சு பட்ட தோலில் ஒத்தடம் வைத்தால் புண்ணாகும் ஆபத்தும் உண்டு.

ஆதாரம் இருக்கிறதா?

கர்ப்பப்பை வாய் புற்றுநோயில் இருக்கிறது. 2000-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்ற பெண்களில் 27 சதவிகிதம் பேர் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தார்கள். வெப்பமும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 51 சதவிகிதம். மும்பை நானாவதி மருத்துவமனை 2010-ல் வெளியிட்ட தலை, கழுத்துப் புற்றுநோய் ஆய்விலும் வெப்பம் சேர்த்தவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைத்தது.

சினைப்பை புற்றுநோயில் பெரிய ஆய்வு நடந்தது 'ஹைபெக்' முறையில். ஆபரேஷன் முடிவில் சூடான கீமோ மருந்தை வயிற்றுக்குள் ஓடவிடும் முறை இது. 245 பெண்களிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், சராசரி ஆயுள் 33.9 மாதங்களிலிருந்து 45.7 மாதங்களாகக் கூடியது. ஆனால், அவர்கள் முதல்முறை சிகிச்சையில் இருந்தவர்கள். கீமோ கைவிட்டவர்கள் அல்லர். கீமோவுக்குக் கட்டுப்படாத நிலையில் கதிர்வீச்சும் வெப்பமும் ஆயுளைக் கூட்டும் என்று சொல்ல, இப்படியொரு பெரிய ஆய்வு இல்லை.

டாக்டரிடம் கேளுங்கள்

* நோய் ஓரிடத்தில் இருக்கிறதா, வயிறு முழுக்கப் பரவியிருக்கிறதா?
* வெப்பத்தைக் கதிர்வீச்சோடு அல்லது கீமோவோடு தருகிறீர்களா? ('வெப்பம் மட்டும்' என்றால் உஷார்!)
* எதிர்பார்ப்பது குணமா, வலி குறைவதா?
* கட்டியின் சூட்டை எப்படி அளப்பீர்கள்?
* மொத்தச் செலவு எவ்வளவு, காப்பீட்டில் எது வரும்?

பேஸ்மேக்கர் அல்லது உடலுக்குள் உலோகம் பொருத்தியிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

எங்கே போகலாம்?

ஹைபர்தெர்மியா கருவி இந்தியாவில் மிகச் சில இடங்களில்தான் உண்டு. அதைத் தேடி அலைவதற்கு முன், இரண்டாவது கருத்து வாங்குங்கள். ஆவடி, அம்பத்தூர்க்காரர்களுக்கு மின்சார ரயிலில் சென்ட்ரல் இறங்கினால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். சந்தேகங்களுக்கு 104-ஐ அழைக்கலாம்.

பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன், இதுவரை போட்ட கீமோவின் பெயரும் தேதியும்... இவை மூன்றும் ஒரே ஃபைலில் இருக்கட்டும். எந்த டாக்டரும் முதலில் கேட்பது அதைத்தான்.