ஓடாத எஞ்சினும் நில்லாத வண்டியும்

நாடி பார்த்து நோயறிவது மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. எந்திரத்துக்கும் நாடி உண்டு. பழுது என்றவுடன் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவர் பணத்தையும் இழப்பார், காரணத்தையும் அறியார். காரணத்தை எவ்வாறு தேடுவது என்பதற்கு எடுத்துக்காட்டாக ஜெர்மனியின் பழைய ஃபோக்ஸ்வாகன் வேனை எடுத்துக்கொள்வோம்.

டச்சு வணிகர் பென் பொன் 1947-இல் தம் குறிப்பேட்டில் கிறுக்கிய கோட்டுப் படம் ஒன்றே இவ்வண்டியின் கரு. 1950-இல் உற்பத்தி தொடங்கியது. இதன் வழிவந்த வண்டி பிரேசிலில் 2013 வரை செய்யப்பட்டது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் செய்த வண்டிகளை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்றும் பேணி ஓட்டுவோர் உளர்.

எஞ்சின் பின்புறம் இருக்கிறது. நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்த நிலையில் அமைந்தவை. ரேடியேட்டர் இல்லை, தண்ணீரும் இல்லை. விசிறி தள்ளும் காற்றே எஞ்சினைக் குளிர்விக்கிறது. அவ்விசிறியும் டைனமோவும் ஒரே தண்டில், ஒரே பெல்ட்டினால் சுழல்கின்றன. எனவே ஓட்டுநரின் முன் சார்ஜ் விளக்கு எரிந்தால், 'பாட்டரிதானே, வீட்டில் போய்ப் பார்க்கலாம்' என்று ஓட்டிக்கொண்டே போகலாகாது. பெல்ட் அறுந்திருந்தால் சிறிது தூரத்திலேயே எஞ்சின் வெந்துவிடும். உடனே நிறுத்திப் பார்த்தல் வேண்டும்.

எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது; ஆனால் பெல்ட் நன்றாக இருக்கிறது. அப்போது டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாயிண்ட்டின் இடைவெளியை அளக்க வேண்டும். அது 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பாயிண்ட்டைத் தள்ளும் குதி தேயத் தேய இடைவெளி குறைகிறது. பொறி உரிய நேரத்துக்குப் பிந்தி விழுகிறது. எரிதல் தாமதமாவதால் ஆற்றல் உந்துதலாக மாறாமல் வெப்பமாக வீணாகிறது. எஞ்சின் அறையைச் சுற்றியுள்ள தகடுகளும் ரப்பர் விளிம்புகளும் இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். 'வெறும் தகரம்' என்று கழற்றி எறிந்துவிடுபவர்கள் உண்டு. அவை இல்லையேல் கீழே கழித்த சூடான காற்றையே விசிறி மீண்டும் இழுக்கும்.

மூன்றாம் சிலிண்டரைப் பற்றித் தனியே கூற வேண்டும். பழைய அமைப்பில் எண்ணெய்க் குளிர்விப்பான் காற்றுக்கூண்டுக்குள்ளேயே நின்றதால், அதைக் கடந்து சூடேறிய காற்றே இச்சிலிண்டருக்குக் கிடைத்தது. அதன் எக்ஸாஸ்ட் வால்வு முதலில் கெடுவது ஆகவே வியப்பன்று. வால்வு இடைவெளியை எஞ்சின் முற்றும் ஆறிய பின்னரே அளக்க வேண்டும். சரிசெய்த இடைவெளி மறுமுறை பார்க்கும்போது குறைந்திருந்தால், வால்வு நீண்டுவருகிறது அல்லது அதன் இருக்கையில் அமிழ்கிறது என்று பொருள். திரும்பத் திரும்ப அப்படி நேர்ந்தால் ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதே வழி.

பெட்ரோல் குழாய்களைப் பற்றி ஒரு சொல். எஞ்சினின் அடிக்கூடு மக்னீசியக் கலவையால் ஆனது. வேதியியல் சோதனைச் சாலையில் மக்னீசிய நாடா எரிவதைக் கண்டவர்களுக்கு மேலும் விளக்கத் தேவையில்லை. அந்நெருப்பில் தண்ணீர் ஊற்றினால் அது தணியாது, ஓங்கும். வெடிப்பு விட்ட ஒரு சாண் ரப்பர் குழாய் வண்டி முழுவதையும் சாம்பலாக்கப் போதும்.

இனி பிரேக். எஞ்சினை ஓடவைத்த பிறகு பிரேக்கைக் கவனிப்பது தலைகீழ் வரிசை என்பது என் கருத்து. ஓடாத வண்டியால் ஆபத்தில்லை. மேலும் ஐம்பதுகளின் வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே திரவச் சுற்றுதான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போயின. இரட்டைச் சுற்று பின்னரே வந்தது.

மிதியடியே இங்கு நாடி. மிதித்தால் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கினால், எங்கோ கசிகிறது. வெளியே ஈரம் எங்கும் காணோம் எனில் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பரைத் தாண்டித் திரவம் பின்னோக்கி ஒழுகுகிறது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால், மறுபக்க டிரம்மைக் கழற்றி லைனிங்கில் எண்ணெயோ திரவமோ படிந்துள்ளதா என நோக்க வேண்டும்.

மிதியை விட்ட பிறகும் சக்கரம் பிடித்துக்கொண்டே இருப்பது குழப்பமான கோளாறு. வண்டியை ஜாக்கியில் தூக்கி, மாஸ்டர் சிலிண்டரில் குழாய் இணையும் நட்டைச் சற்றுத் தளர்த்துக. சக்கரம் விடுபட்டால் குற்றம் மாஸ்டர் சிலிண்டரில்; திரவம் திரும்பும் துளை அடைபட்டிருக்கும், அல்லது மிதிக்கம்பிக்கு விட வேண்டிய சிறு இடைவெளி இல்லாதிருக்கும். விடுபடாமல், சக்கரத்தருகே உள்ள பிளீடர் திருகைத் திறந்தபின் விடுபட்டால், இடையிலுள்ள ரப்பர் குழாய் உள்ளே வீங்கியிருக்கிறது. மிதியின் அழுத்தம் அதைத் தாண்டிப் போகும். திரும்பும் ஸ்பிரிங்கின் வலு அதற்குப் போதாது. வெளித்தோற்றத்தில் அக்குழாய் புதியதுபோலவே இருக்கும்! இரண்டுக்கும் அசையவில்லையெனில் டிரம்முக்குள்ளேதான் பழுது: ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பிஸ்டன் துருப்பிடித்திருக்கும்.

திரவமும் முதுமையடையும். டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். நெடிய மலையிறக்கத்தில் டிரம்மின் சூடு ஏறித் திரவம் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், மிதி தரையைத் தொடும். அடிவாரத்தில் வண்டி ஆறியபின் சோதித்தால் பிரேக் மீண்டும் சரியாகவே இருக்கும். ஆகவே திரவத்தை இரண்டாண்டுக்கு ஒருமுறை முழுதும் மாற்றி, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்கிக் காற்றை வெளியேற்றுவர். முதல் ஓட்டத்துக்கு முன் கைப்பிரேக்கையும் இழுத்துப் பார்ப்பர். அது திரவத்தை நம்பாமல் கம்பி வடத்தால் பின்சக்கரங்களைப் பிடிப்பது.