வாலைப் பாருங்க பாஸ்!

அந்தமானுக்கு டூர் போறீங்களா? ஹேவ்லாக் தீவுல (2018-லிருந்து பேரு ஸ்வராஜ் தீவு) எலிபன்ட் பீச்சுக்குப் போய் ஸ்நார்க்ளிங் பண்ணாம திரும்பிடாதீங்க. மாஸ்க்கை மாட்டிக்கிட்டு முகத்தைத் தண்ணிக்குள்ள வெச்சதுமே கலர் கலரா மீன்கள் வந்து உங்களை வேடிக்கை பார்க்கும். 'ஆஹா'ன்னு வாயைத் திறந்துடாதீங்க... உப்புத் தண்ணி உள்ளே போயிடும்!

எனக்கு அங்கே கிடைச்சது செம பல்பு. கறுப்பு வெள்ளைப் பட்டை, முதுகுல ரிப்பன் மாதிரி நீள வெள்ளைத் துடுப்போட ஒரு மீன். "'ஃபைண்டிங் நெமோ' படத்துல வர்ற கில் இதுதான்டா"ன்னு நண்பன்கிட்ட பிரியாணி பெட் கட்டினேன். கரைக்கு வந்து போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தா, வால் மஞ்சள்! கில், மூரிஷ் ஐடல் வகை. அதுக்கு வால் கறுப்பு, மூக்கு மேல மஞ்சள் திட்டு இருக்கும். நான் பார்த்தது பேனர் ஃபிஷ், வண்ணத்துப்பூச்சி மீன் குடும்பம். பிரியாணி போச்சு!

ரெசிஸ்டர்ல கலர் கோட்டை வெச்சே மதிப்பைச் சொல்லிடுவோம். மீன்கிட்ட அந்தப் பாச்சா பலிக்காது. எம்பரர் ஏஞ்சல் மீன் குட்டியா இருக்கும்போது கருநீல உடம்புல வெள்ளை வளையங்கள். பெருசானா நீலமும் மஞ்சளுமா நீளக் கோடுகள். ஒரு காலத்துல விஞ்ஞானிகளே குட்டியைத் தனி இனம்னு நினைச்சு, நிகோபாரை வெச்சுப் பேர் சூட்டிட்டாங்க! போதாததுக்கு, ஆழம் போகப் போக முதல்ல மங்குறது சிவப்புதான்.

அதனால முதல்ல உடம்போட வடிவம், அப்புறம் பட்டை நிற்கிதா படுத்திருக்கா, பிறகு வால், வாய். கலர் கடைசியிலதான். விசிறி மாதிரி துடுப்பை விரிச்ச சிவப்பு வரிக்காரரைப் பார்த்தா தள்ளியே நில்லுங்க. அது லயன் ஃபிஷ், முதுகு முள்ளுல விஷம்!

இன்னொரு விஷயம். பெட்டுல ஜெயிக்கணும்னு அந்த மீனைத் துரத்தினப்போ, என் கால் துடுப்பு பட்டு விரல் நீளப் பவளக் கிளை ஒண்ணு ஒடிஞ்சு விழுந்துச்சு. கல்லுன்னுதான் நினைச்சேன். கூட வந்த கைடு அண்ணன் திட்டலை. "அதுக்கு உயிர் இருக்கு தம்பி"ன்னு மட்டும் சொன்னார். பிரியாணி சாப்பிடும்போதும் அதே ஞாபகம்.

நீங்க துரத்தாதீங்க. காலை ஆட்டாம அப்படியே மிதங்க. கொஞ்ச நேரத்துல மீனே பக்கத்துல வந்து வாலைக் காட்டிட்டுப் போகும்!