பூனைகளில் நீரிழிவு நோய்

பூனைகளில் நீரிழிவு நோய் என்பது, உடலில் இன்சுலின் போதிய அளவு சுரக்காமையாலோ, சுரந்த இன்சுலின் திசுக்களில் உரியவாறு செயற்படாமையாலோ, இரத்தத்தில் குளுக்கோசின் அளவு தொடர்ந்து மிகுந்திருக்கும் நோய் ஆகும். இது பெரும்பாலும் நடுத்தர வயதையும் முதுமையையும் எய்திய பூனைகளில் காணப்படுகிறது. மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவை இது பெரிதும் ஒத்தது. வளர்ப்பவரே நாளுக்கு இருமுறை இன்சுலின் ஊசி இட்டு, உணவை ஒழுங்குபடுத்தி, இரத்தச் சர்க்கரையைக் கண்காணிப்பதன் மூலம் இந்நோயை வீட்டிலேயே கட்டுப்படுத்தலாம். வீட்டுப் பராமரிப்பில் உடனடியாக உயிருக்கு ஆபத்து விளைவிக்கக் கூடியது, இன்சுலின் மிகுவதால் ஏற்படும் சர்க்கரைக் குறைவே ஆகும்.

காரணங்கள்

இன்சுலின் கணையத்தில் உள்ள பீட்டா உயிரணுக்களில் சுரக்கிறது. நோயுற்ற பூனைகள் பலவற்றின் கணையத்தில் அமிலாய்டு எனப்படும் புரதப் படிவு காணப்படுகிறது. இரத்தச் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருப்பதும் பீட்டா உயிரணுக்களைச் செயலிழக்கச் செய்கிறது. இது குளுக்கோசு நச்சுத்தன்மை எனப்படுகிறது. தொடக்கத்தில் இப்பாதிப்பு ஓரளவு மீளக் கூடியது. நோய் வரும் வாய்ப்பை மிகுவிப்பவை பின்வருமாறு:

- உடற்பருமனும் நடமாட்டக் குறைவும்
- ஆண் பூனையாக இருத்தல், விதைநீக்கம் செய்யப்பட்டிருத்தல்
- தோல் நோய், ஒவ்வாமை முதலியவற்றுக்காக ஸ்டீராய்டு மருந்துகள் தரப்படுதல்
- வளர்ச்சி இயக்குநீர் மிகுதியாகச் சுரத்தல்

ஆத்திரேலியா, நியூசிலாந்து, பிரித்தானியா ஆகிய நாடுகளில் பர்மியப் பூனை இனத்தில் இந்நோய் கூடுதலாகப் பதிவாகியுள்ளது.

அறிகுறிகள்

மிகுந்த தாகம், மிகுதியாகச் சிறுநீர் கழித்தல், நன்கு உண்டும் உடல் மெலிதல் ஆகியன முதன்மை அறிகுறிகள். நரம்புகள் பாதிக்கப்பட்டால், பூனை பின்னங்கால்களின் குதிகால் தரையில் படுமாறு நடக்கும். நாய்களில் நீரிழிவால் கண்புரை ஏற்படுவது வழக்கம். பூனைகளில் அது அரிது.

ஆனைமலை, பொள்ளாச்சி வட்டாரங்களில் தோட்டத்துச் சாளைகளில் வளரும் பூனைகள் வாய்க்காலிலும் தொட்டியிலும் நீர் அருந்தி, தோப்பில் சிறுநீர் கழிப்பதால் முதல் இரு அறிகுறிகளும் எளிதில் புலப்படுவதில்லை. உடல் மெலிவே முதலில் கண்ணில் படும்.

சிகிச்சை அளிக்கப்படாத பூனையின் உடல், ஆற்றலுக்காகக் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. இதனால் கீட்டோன்கள் பெருகி இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. உண்ண மறுத்தல், வாந்தி, சோர்வு ஆகியவை இந்நிலையின் அடையாளங்கள். இதற்கு மருத்துவமனையில் உடனடிச் சிகிச்சை தேவை.

நோயறிதல்

அச்சமுற்ற பூனையின் இரத்தச் சர்க்கரை, நோய் இல்லாதபோதும் 300 மி.கி./டெ.லி.க்கு மேல் உயரக் கூடும். ஆகவே மருத்துவமனையில் எடுக்கப்படும் ஒற்றைச் சோதனையைக் கொண்டு நோயை உறுதி செய்வதில்லை. சிறுநீரில் குளுக்கோசு உள்ளதா என்பதும், அதற்கு முந்தைய சில வாரங்களின் சராசரிச் சர்க்கரை நிலையைக் காட்டும் புரக்டோசமைன் அளவும் சேர்த்து ஆராயப்படுகின்றன.

வீட்டுப் பராமரிப்பு

இன்சுலின் இடுதல்

கிளார்கின் போன்ற நீண்ட நேரம் செயற்படும் இன்சுலின்கள் பூனைகளுக்குப் பரவலாகப் பயன்படுகின்றன. ஏறத்தாழ 12 மணி நேர இடைவெளியில், தோலைத் தூக்கிப் பிடித்து அதன் அடியில் ஊசி இடப்படுகிறது. தொடக்க அளவு பெரும்பாலும் ஒரு வேளைக்கு 1 அலகு என்னும் அளவில் இருக்கும். அளவை முடிவு செய்பவரும் மாற்றுபவரும் கால்நடை மருத்துவரே.

இந்தியாவில் இன்சுலின் புட்டிகள் மில்லிலிட்டருக்கு 40 அலகு, 100 அலகு என இரு செறிவுகளில் விற்கப்படுகின்றன. அவற்றுக்குரிய சிரிஞ்சுகளும் வெவ்வேறானவை. பொதுவாகச் சிவப்பு மூடி 40-க்கும், செம்மஞ்சள் மூடி 100-க்கும் உரியவை. இவை மாறினால் நேர்வது:

- 100 அலகு இன்சுலினை 40 அலகு சிரிஞ்சில் 1 என்னும் குறி வரை எடுத்தால், பூனைக்குச் செல்வது 2.5 அலகு
- 40 அலகு இன்சுலினை 100 அலகு சிரிஞ்சில் 1 என்னும் குறி வரை எடுத்தால், செல்வது 0.4 அலகு மட்டுமே

நான்கு கிலோ எடையுள்ள உயிருக்கு முதல் தவறு வலிப்பு வரை கொண்டு செல்லக் கூடியது. புட்டியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றே என ஒவ்வொரு முறை புதிதாக வாங்கும்போதும் உறுதி செய்தல் வேண்டும். அரை அலகுக் கோடுகள் உள்ள 0.3 மி.லி. சிரிஞ்சுகள் சிறு அளவுகளைச் சரியாக எடுக்க உதவும்.

மருந்து உள்ளே சென்றதா, மயிரில் வழிந்ததா என்ற ஐயம் எழுந்தால் மீண்டும் ஊசி இடக் கூடாது. ஒரு வேளை ஊசி தவறுவதால் விளையும் தீங்கு, இருமடங்கு செலுத்துவதால் விளையும் தீங்கினும் மிகச் சிறிது. பூனை உண்ண மறுத்த வேளையிலும் வழக்கமான அளவை அப்படியே செலுத்தாமல் மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

சேமிப்பு

இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் வைக்க வேண்டும். உறைந்த இன்சுலின் பயனற்றது. ஆகவே குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியை ஒட்டி வைத்தலாகாது. மின்வெட்டு நீடிக்கும் இடங்களில், நீர் கசியும் மண்பானையினுள் புட்டியை நனையாமல் வைப்பது தற்காலிகமாக உதவும்.

உணவு

பூனை இயல்பிலேயே ஊனுண்ணி. மாவுச்சத்தைக் கையாளும் திறன் அதன் கல்லீரலில் குறைவு. கொங்கு நாட்டு வீடுகளில் பூனைக்குப் பால் சோறும் தயிர்ச் சோறும் இடுவது வழக்கம். நோய்க்கு இவ்வுணவே காரணம் எனக் கூற இயலாது. ஆயினும் நோயுற்ற பூனைக்கு இது பொருந்தாது. புரதம் மிகுந்து மாவுச்சத்து குறைந்த உணவே ஏற்றது. வேகவைத்த கோழி, மீன் ஆகியவற்றை மட்டும் தொடர்ந்து தந்தால் டாரின், கால்சியம் முதலியன குறையக் கூடும். எனவே முழுமையான ஈர உணவு பரிந்துரைக்கப்படுகிறது.

இன்சுலின் பெறும் பூனைக்கு உணவை மாற்றும்போது மருத்துவரின் மேற்பார்வை தேவை. சோற்றை நிறுத்தியவுடன் இன்சுலின் தேவையும் குறைவதால், பழைய அளவு மிகையாகிவிடும். பருத்த பூனையைப் பட்டினி இட்டு மெலியச் செய்வதும் தவறு. அது கல்லீரலில் கொழுப்புப் படியும் நோயை உண்டாக்கும்.

பாகற்காய், வெந்தயம் போன்றவை இன்சுலினுக்கு மாற்று ஆகா. வீட்டில் உள்ளோர் உண்ணும் நீரிழிவு மாத்திரைகளையும் பூனைக்குத் தரக் கூடாது.

கண்காணிப்பு

காது மடலின் ஓரத்தில் குத்தி எடுக்கும் ஒரு துளி இரத்தமே சோதனைக்குப் போதுமானது. மனிதருக்கான குளுக்கோமீட்டர்கள் பூனையின் சர்க்கரையைப் பெரும்பாலும் உண்மை அளவைவிடக் குறைவாகக் காட்டும். எனவே எந்தக் கருவி பயன்படுகிறது என்பதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். நாள்தோறும் ஊசி இட்ட நேரம், அளவு, உணவு, நீர் ஆகியவற்றையும், வாரந்தோறும் எடையையும் குறித்து வைப்பது அளவை மாற்றும்போது துணை செய்யும்.

இரத்தச் சர்க்கரைக் குறைவு

சர்க்கரை 60 மி.கி./டெ.லி.க்குக் கீழே இறங்குவது ஆபத்தானது. தள்ளாட்டம், நடுக்கம், மந்தம், வலிப்பு ஆகியவை அறிகுறிகள். பூனை விழிப்புடன் இருப்பின் உடனே உணவு தர வேண்டும். உண்ணாவிடில் குளுக்கோசுக் கரைசல், சர்க்கரைப் பாகு அல்லது தேனை ஈறுகளில் தடவ வேண்டும். நினைவிழந்த பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழலுள் செல்லும். பூனை தெளிந்த பின்னரும் மருத்துவரிடம் கொண்டு செல்வது இன்றியமையாதது. இன்சுலினின் செயல் சில மணி நேரம் நீடிக்கும்.

வாய்வழி மருந்துகள்

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 டிசம்பரில் பெக்சாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கும், 2023-இல் வெலாகிளிஃப்ளோசின் நீர்மத்துக்கும் ஒப்புதல் அளித்தது. இவை குளுக்கோசைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. முன்னர் இன்சுலின் பெறாத பூனைகளுக்கு மட்டுமே இவ்வொப்புதல் பொருந்தும். இம்மருந்துகளால் இரத்தச் சர்க்கரை இயல்பாக இருக்கும்போதும் கீட்டோன் பெருக்கம் நேரக் கூடும்.

நோய்த் தணிவு

தொடக்கத்திலேயே இன்சுலினும் மாவுச்சத்து குறைந்த உணவும் தரப்பட்ட பூனைகள் சில, இன்சுலின் இன்றியே இயல்பான சர்க்கரை அளவை எய்துகின்றன. நோய் கண்டறியப்பட்ட முதல் ஆறு மாதங்களில் இதற்கான வாய்ப்பு மிகுதி. இக்காலத்தில் இன்சுலின் தேவை படிப்படியாகக் குறைவதால் சர்க்கரைக் குறைவு நேரும் வாய்ப்பும் உயர்கிறது. குணமடைந்து வரும் பூனை பழைய அளவு இன்சுலினாலேயே உயிரிழக்க நேரலாம் என்பதால் வீட்டுச் சோதனை முதன்மை பெறுகிறது. தணிந்த நோய் மீண்டும் தோன்றவும் கூடும்.

தமிழ்நாட்டில் சிகிச்சை

சென்னை வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கப்பட்டது. 1989-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. கொங்கு மண்டலத்தில் இதன் கல்லூரிகள் நாமக்கல்லிலும், 2020 முதல் உடுமலைப்பேட்டையிலும் உள்ளன. ஆனைமலை போன்ற சிற்றூர்களில் இரவு நேரத்தில் மருத்துவரை அடைவது எளிதன்று. எனவே இன்சுலின் பெறும் பூனை உள்ள வீட்டில் குளுக்கோசுத் தூளும், சோதனைக் கருவியும், மருத்துவரின் தொலைபேசி எண்ணும் எந்நேரமும் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும்.