எலும்பு மருந்து வேலை செய்கிறதா? இரத்தப் பரிசோதனை சொல்லும்

இரத்த அழுத்தத்திற்கு மருந்து சாப்பிட்டால், எண் குறைவதைக் கருவியில் பார்க்கலாம். நீரிழிவுக்கு விரலில் ஒரு சொட்டு இரத்தம் போதும். ஆஸ்டியோபோரோசிஸ் எனப்படும் எலும்புப் புரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு அந்த வசதி வீட்டில் இல்லை. மருந்து வேலை செய்தாலும் உடம்பில் ஒன்றும் தெரியாது. "சாப்பிட்டு என்ன பயன்?" என்று பலர் பாதியில் நிறுத்திவிடுவது அதனால்தான்.

நிறுத்துவது ஆபத்து. 1996, 1997-ஆம் ஆண்டுகளின் மலேசியக் கணக்குப்படி, 50 வயதைத் தாண்டியவர்களில் ஒரு லட்சத்திற்குச் சுமார் 90 பேருக்கு ஆண்டுதோறும் இடுப்பெலும்பு முறிந்தது. மலாய்ப் பெண்களைவிடச் சீன, இந்தியப் பெண்களிடம் இது அதிகமாக இருந்தது.

எலும்பு உயிருள்ள பொருள். சாலை பழுதுபார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழு பழைய தாரைத் தோண்டி எடுக்கும்; பின்னால் வரும் குழு புதிதாகப் போடும். எலும்பிலும் இந்த இரு வேலைகளும் ஓயாமல் நடக்கின்றன. மாதவிடாய் நின்ற பிறகு தோண்டும் வேலை வேகமெடுக்கிறது. நிரப்பும் வேலை ஈடுகொடுக்க முடிவதில்லை. தோண்டும்போது சிதறும் துணுக்கு ஒன்றின் பெயர் சி.டி.எக்ஸ். புதிய எலும்பு உருவாகும்போது வெளிவருவது பி.ஒன்.என்.பி. இவ்விரண்டையும் இரத்தத்தில் அளக்கலாம்.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் மாற்றம் தெரிய ஓராண்டோ இரண்டாண்டோ ஆகும். இரத்தத்திலோ சுமார் மூன்று மாதங்களில் தெரிந்துவிடும். மருந்து தொடங்குமுன் ஒருமுறை, பிறகு ஒருமுறை என எடுத்து ஒப்பிடுவார்கள். நோய் இருக்கிறதா என்று கண்டறிய இது போதாது, அதற்கு ஸ்கேன்தான். எல்லாருக்கும் வழக்கமாகச் செய்யும் சோதனையும் அல்ல. உங்களுக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இரத்தம் கொடுக்கும் நாளில்

சி.டி.எக்ஸ். விடியற்காலையில் ஏறி, பிற்பகலில் இறங்கும். சாப்பிட்டாலும் இறங்கும். ஜாலான் காசிங்கில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் பசியாறிவிட்டு மதியம் இரத்தம் கொடுத்தால், மருந்து நன்றாக வேலை செய்வதுபோல் எண் குறைவாக வரும். அது பொய்யான நல்ல செய்தி. ஆகவே இரவு உணவுக்குப் பின் ஒன்றும் சாப்பிடாமல், காலை பத்து மணிக்குள் கொடுங்கள். வெறும் தண்ணீர் குடிக்கலாம். இரண்டு முறையும் ஒரே ஆய்வகத்தில் கொடுப்பது நல்லது. நீரிழிவு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள், அன்று காலை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டினியில் சர்க்கரை இறங்கிவிடக்கூடும்.

அண்மையில் எலும்பு முறிந்திருந்தால் எண் பல மாதங்களுக்கு உயர்ந்தே இருக்கும். சிறுநீரகக் கோளாறும் அதை உயர்த்தும். முடி வளர என்று விற்கும் பயோட்டின் மாத்திரை சில கருவிகளின் கணக்கைக் குழப்பும். இவை எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எண் குறையவில்லை என்றால்

மருந்தைக் குறை சொல்லுமுன், அதைச் சாப்பிடும் முறையைப் பாருங்கள். வாரம் ஒருமுறை எடுக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், ஒரு குவளை வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அதன்பின் அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. உணவோ காப்பியோ வேறு மருந்தோ கூடாது. கால்சியம் மாத்திரையைச் சேர்த்து விழுங்கினால் மருந்து உடம்பில் ஏறாது. இது அடிக்கடி நடக்கும் தவறு.

சில வாரங்கள் மறந்துவிட்டீர்களா? அதையும் சொல்லிவிடுங்கள். மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று மறைத்தால், தேவையில்லாமல் மருந்தை மாற்ற நேரிடும்.

ஆறு மாதத்திற்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். ஊசி நின்றால் தோண்டும் வேலை முன்னைவிட வேகமாகத் திரும்பும். முதுகெலும்பு முறியவும் கூடும். ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால், டிக்கெட் எடுக்குமுன் கிளினிக்கில் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.